மிளகு விலை வந்த வழி

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு பாண்டிகசாலைக்குள் வைஃபை போடக் கூப்பிட்டால், நான் முதலில் பார்ப்பது சுவரைத்தான். வெட்டுகல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய சுவர், சில இடங்களில் ஒரு முழத்துக்கு மேல் கனம். முன்வாசல் தெருவைப் பார்த்திருக்கும், பின்வாசல் காயலைப் பார்த்திருக்கும். வள்ளம் வந்து அணைந்து மூட்டை ஏறிய காலத்தின் கட்டடம். தெருப்பக்கத்து அறையில் வைத்த ரவுட்டரின் அலை இரண்டாவது சுவரோடு நின்றுவிடும். பின்கட்டில் தராசுக்குப் பக்கத்தில் நிற்கிற ஆளின் போனில் ஒரு கோடுகூட எழும்பாது. பெட்டியில் 5 கிகாஹெர்ட்ஸ் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதை நம்பி வாங்கி வந்தவர்களிடம் நான் சொல்வது இதுதான்: இந்தக் கட்டடத்துக்குப் பழைய 2.4 தான் லாயக்கு. வேகம் குறைவு, ஆனால் சுவரைக் கொஞ்சமாவது தாண்டும்.

கேபிள் இழுப்பது, ரவுட்டர் வைப்பது, பழுது பார்ப்பது என் பிழைப்பு. அப்பா கல்லிடைக்குறிச்சிக்காரர், ஒரு குஜராத்தி சேட்டின் மசாலாக் கம்பெனியில் கணக்கெழுத வந்து இங்கேயே தங்கிவிட்டவர். ஆகவே மிளகுப் பேச்சு எனக்கு வீட்டுப் பேச்சு. இந்த ஊரைப் பற்றி எழுதுகிறவர்கள் மிளகு போன வழியை விலாவாரியாக எழுதுகிறார்கள். 1500-இல் போர்ச்சுகீசிய மாலுமி கப்ரால் வந்தது, 1663-இல் டச்சுக்காரர்கள் கொச்சியைப் பிடித்தது, அரண்மனை, 1568-இல் கட்டிய யூதர் கோயில், சுக்கு வாசம் அடிக்கும் சந்துகள் என்று ஒன்று விடுவதில்லை. மிளகின் விலை எந்த வழியாக ஊருக்கு வந்தது என்பதை மட்டும் அவர்கள் கண்டுகொள்வதில்லை. என்னைக் கேட்டால், மட்டாஞ்சேரியை வாழ வைத்ததும் பின்னால் இளைக்க வைத்ததும் அந்த இரண்டாவது வழிதான்.

கப்பல் கொண்டுவந்த கடிதம்தான் ஒரு காலத்தில் விலை. லண்டனில் என்ன விலைக்குப் போனது என்பது இங்கே தெரிவதற்குள் கொடியில் அடுத்த பூ வந்துவிடும். 1870-இல் பம்பாயிலிருந்து ஏடன், சூயஸ், மால்டா, ஜிப்ரால்டர் வழியாக இங்கிலாந்து வரை கடலடித் தந்திக் கம்பி முழுதாக இணைந்தது. அதன்பின் மாதக்கணக்கு மணிக்கணக்கானது. தந்திக்கு வார்த்தைக்கு இவ்வளவு என்று காசு. எனவே வியாபாரிகள் கோட் புத்தகம் வைத்துக்கொண்டார்கள். பென்ட்லி கோட் என்று ஒன்று. ஒரு முழு வாக்கியத்துக்கு ஐந்தெழுத்துச் சொல் ஒன்று, அப்படி இரண்டை ஒட்டினால் பத்தெழுத்து, கட்டணம் ஒரே வார்த்தைக்கு. அப்பா வேலைக்குச் சேர்ந்தபோது அந்தப் புத்தகம் அலமாரியில் தூசி படிந்து கிடந்ததாம். அவருக்கு முந்தைய குமாஸ்தாக்கள் அதைப் பார்த்துத்தான் விலை அனுப்பினார்கள். செய்தியைச் சுருக்கிக் கட்டி, மேலே முகவரி எழுதி, வழியில் இருக்கிறவனுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலேயே கைமாற்றி விடுவது. நான் இன்றைக்குப் பார்க்கும் வேலையும் அதுவேதான்.

அப்பா காலத்துக் கதை டிரங்க் கால். பம்பாய் மார்க்கெட்டைப் பிடிக்க காலையில் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அவசரமென்றால் அர்ஜென்ட் கால். விலை தலைகீழாகப் போகிற நாளில் லைட்னிங் கால், சாதாரணக் கட்டணத்தைப் போல எட்டு மடங்கு. சேட்டு லைட்னிங் போடச் சொன்னால் ஆபீஸே வாயை மூடிக்கொள்ளும் என்பார் அப்பா.

இதற்கெல்லாம் நடுவில் இருந்தது மட்டாஞ்சேரி ஜூ டவுனின் மிளகு எக்ஸ்சேஞ்ச். 1957-இல் தொடங்கிய இந்தியா பெப்பர் அண்ட் ஸ்பைஸ் டிரேட் அசோசியேஷன், ஊர்க்காரர் வாயில் இப்ஸ்டா. இன்னும் பறிக்காத மிளகுக்கு இன்றைக்கே விலை பேசும் முன்பேர வர்த்தகம் அங்கே நடந்தது. ஹாலைச் சுற்றிச் சின்னச் சின்ன அடைப்புகள், ஒவ்வொன்றிலும் டெலிபோன். ஒரு காதில் ரிசீவர், மறு காது ஹாலில், வாய் கத்திக்கொண்டே இருக்கும். வெளியிலிருந்து கேட்பவர்களுக்குச் சண்டை என்று தோன்றும். உள்ளே இருப்பவர்களுக்கு ஒவ்வொரு கத்தலும் ஒரு குவிண்டால் கணக்கு. போடிநாயக்கனூரிலும் வயநாட்டிலும் இடுக்கியிலும் மூட்டையை விற்பதா வைப்பதா என்று யோசித்துக்கொண்டிருந்தவன், ஜூ டவுனில் என்ன விலை என்று கேட்டுவிட்டுத்தான் முடிவு செய்வான். 1997-இல் சர்வதேச மிளகு ஒப்பந்தமும் அங்கே தொடங்கியது. உலகத்திலேயே மிளகுக்கென்று இருந்த ஒரே சர்வதேச எக்ஸ்சேஞ்ச் என்று வெளிநாட்டுப் பயணிகள் ஜன்னலில் எட்டிப் பார்த்துப் படம் எடுத்துப் போவார்கள்.

அந்த ஹாலின் முக்கியமான ஆள் தரகர். அவரிடம் மிளகு கிடையாது, மிளகு வாங்கப் பணமும் கிடையாது. யாருக்கு என்ன வேண்டும், அவரை யார் மூலம் பிடிக்கலாம் என்பது மட்டும் தெரியும். தனக்குத் தெரியாத ஆள் என்றால், தெரிந்த பெரிய தரகர் ஒருவரிடம் தள்ளிவிடுவார். அந்தப் பெரியவர் இன்னொருவரிடம். சரக்கைப் பிரித்துப் பார்க்க மாட்டார், மேலே எழுதிய பெயரை மட்டும் பார்ப்பார். ரவுட்டர் என்றால் என்ன என்று பையன்கள் கேட்டால் இந்தத் தரகரைத்தான் நான் காட்டுவேன்.

ரவுட்டர் செய்வது இவ்வளவே. நீங்கள் அனுப்பும் எதுவும் முழுசாகப் போவதில்லை. சுமார் 1,500 பைட் அளவுள்ள பொட்டலங்களாக உடைந்து போகிறது. ஒவ்வொன்றின் தலையிலும் அனுப்பியவர் முகவரி, சேர வேண்டிய முகவரி. ரவுட்டரிடம் ஒரு அட்டவணை இருக்கும். இந்த முகவரிக் கூட்டத்துக்கு இந்த வாசல், அந்தக் கூட்டத்துக்கு அந்த வாசல். பொருந்துவதில் மிகக் குறுகலானதைத் தேர்ந்தெடுத்துத் தள்ளும். எதிலும் பொருந்தாததற்கு 0.0.0.0 என்று கடைசி வரி. எனக்குத் தெரியாதது எல்லாம் இந்த வழியே போகட்டும் என்று அர்த்தம். உங்கள் வீட்டு ரவுட்டரின் அறிவு பெரும்பாலும் அந்த ஒரு வரிதான். அது தெரியாது என்று மேலே தள்ள, இணைப்பு தரும் கம்பெனியின் ரவுட்டர் இன்னொன்றுக்குத் தள்ள, எங்கோ ஓரிடத்தில் முழு அட்டவணை வைத்திருக்கும் ஒன்று வழி சொல்லும். பொட்டலம் வழி தெரியாமல் சுற்றிக்கொண்டே இருக்காமலும் ஏற்பாடு உண்டு. தலையில் ஒரு எண் இருக்கும், ஒவ்வொரு ரவுட்டரும் அதில் ஒன்றைக் குறைக்கும், பூஜ்யமானால் தூக்கி எறிந்துவிடும்.

இந்தப் பெட்டியின் பூர்வீகம் 1969. அமெரிக்காவில் ஆர்பாநெட்டுக்காக பிபிஎன் கம்பெனி செய்த ஐஎம்பி என்ற இயந்திரம், குளிர்சாதனப் பெட்டி உயரம், லாஸ் ஏஞ்சலிஸ் பல்கலைக்கழகத்தில் முதலில் இறங்கியது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு கட்டடத்துக் கம்ப்யூட்டரை இன்னொரு கட்டடத்தோடு பேசவைக்கச் செய்த பெட்டி அடுத்த படி. அங்கே வேலை பார்த்த லியோனார்ட் போசாக், சாண்டி லெர்னர் தம்பதி 1984-இல் சிஸ்கோவைத் தொடங்கினார்கள். பெரிய ரவுட்டர்கள் தங்களுக்குள் வழி சொல்லிக்கொள்ளும் பிஜிபி முறையை 1989-இல் இரண்டு எஞ்சினியர்கள் சாப்பாட்டு மேஜையில், கை துடைக்கும் காகிதத்தில் எழுதினார்கள் என்பது அந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த கதை. அது பக்கத்து ரவுட்டர் சொல்வதை நம்பும் முறை. இன்ன முகவரிக்கு என் வழியாக வரலாம் என்று ஒருவன் சொன்னால் மற்றவன் எழுதிக்கொள்வான். ஹாலில் தரகர் வாய்வார்த்தைக்கு என்ன மதிப்போ அதே மதிப்பு. வாய்வார்த்தை தவறினால் என்ன ஆகும் என்பதை 2008 பிப்ரவரி 24 காட்டியது. தன் நாட்டுக்குள் யூடியூபைத் தடுக்கப் பாகிஸ்தான் டெலிகாம் போட்ட ஒரு வழி வெளியே கசிந்து, உலகம் முழுவதற்கும் யூடியூப் சுமார் இரண்டு மணி நேரம் காணாமல் போனது.

இந்தியாவில் 1995 ஆகஸ்ட் 15 அன்று அரசுக் கம்பெனி விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்தது, பெருநகரங்களில் மட்டும். கொச்சிக்கு அது பிறகுதான் வந்தது. வந்ததும் ஃபோர்ட் கொச்சியில் வெள்ளைக்காரர்களுக்காக சைபர் கஃபேக்கள் முளைத்தன. ஒரே டயல்-அப் லைன், அதை நான்கு கம்ப்யூட்டருக்குப் பங்கு போட வேண்டும். நான் தொழில் கற்றது அப்படி ஒரு கடையில். ஒருவர் படம் இறக்கினால் மற்ற மூவரும் முகட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பஜார் ரோட்டு வியாபாரிகளும் மெல்ல அங்கே வர ஆரம்பித்தார்கள், ஹாம்பர்க்கிலிருந்து ஈமெயில் வந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு.

அந்த ஈமெயில் எந்த வழியாக வந்தது என்பதுதான் ருசிகரம். கொச்சிக் கடற்கரையில் இரண்டு பெரிய கடலடிக் கேபிள்கள் கரையேறின. ஒன்று சீ-மீ-வீ 3, ஐரோப்பாவிலிருந்து எகிப்து, செங்கடல் வழியாகக் கிழக்காசியா வரை சுமார் 39,000 கிலோமீட்டர். பழைய தந்திக் கம்பி போன பாதையேதான். இன்னொன்று சாட்-3, சேஃப் என்ற ஜோடி. போர்ச்சுகலில் சிசிம்ப்ரா என்ற ஊரில் தொடங்கி, ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையை ஒட்டி இறங்கி, தென்முனையைச் சுற்றி, மொரீஷியஸைத் தொட்டு, கொச்சிக்கு வந்து, பினாங்குக்குப் போகிறது. போர்ச்சுகலிலிருந்து நன்னம்பிக்கை முனை சுற்றிக் கொச்சி! அந்தக் கேபிள் வேலைக்கு வந்த வருஷம் 2002. வாஸ்கோ ட காமா தன் இரண்டாவது பயணத்தில் கொச்சிக்கு வந்தது 1502. ஐந்நூறு வருஷம் கழித்து அதே சுற்று, இந்தத் தடவை கண்ணாடி இழையில். இதைத் திட்டமிட்டு யாரும் செய்யவில்லை. ஆப்பிரிக்காவைச் சுற்றிவர வேறு கடல் இல்லை, அவ்வளவுதான். ஆனாலும் காமாவை முதலில் புதைத்த செயின்ட் பிரான்சிஸ் தேவாலயத்தைக் காட்டும் வழிகாட்டிகள் இதையும் ஒரு வரி சொல்லலாம் என்று எனக்கு ஆசை.

வழி ஒன்றுக்கு மேல் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது 2008 ஜனவரி 30 அன்று தெரிந்தது. அலெக்சாந்திரியாவுக்குப் பக்கத்தில் இரண்டு கேபிள்கள் அறுந்தன. இந்தியாவின் மேற்குப் பாதை பாதிக்கு மேல் முடங்கியது. ரவுட்டர்கள் அட்டவணையைத் திருத்திக்கொண்டு பொட்டலங்களைக் கிழக்கே, பசிபிக் வழியாகத் திருப்பின. வேகம் படுத்தது, ஆனால் கதவு அடைக்கவில்லை. தந்திக் காலத்தில் கம்பி அறுந்தால் ஒட்டுகிற வரைக்கும் விலை கிடையாது.

வழி சுற்றுகிற வேடிக்கை இன்னொன்றும் உண்டு. ஒரு தெருவில் இரண்டு கடை, இரண்டும் வேறு வேறு கம்பெனி இணைப்பு. எதிர்க்கடைக்கு அனுப்பிய ஈமெயில் அமெரிக்கா போய்த் திரும்பி வந்த காலம் இருந்தது, இரண்டு கம்பெனியும் சந்திக்கும் இடம் அங்கேதான் என்பதால். அதைச் சரிசெய்யத்தான் 2003-இல் நிக்ஸி தொடங்கினார்கள், இந்திய இணைப்புகள் இந்தியாவுக்குள்ளேயே சந்தித்துக்கொள்ள. கம்ப்யூட்டரில் கறுப்புத் திரையைத் திறந்து டிரேசர்ட் என்று அடித்தால் பொட்டலம் எந்தெந்த ரவுட்டரைத் தாண்டுகிறது என்று வரிசையாகக் காட்டும். இன்றைக்கும் மட்டாஞ்சேரியிலிருந்து எர்ணாகுளத்துக்கு அடித்தால் சென்னையையோ மும்பையையோ தொட்டு வருவதைப் பார்த்திருக்கிறேன். முன்னே காயலைத் தாண்டினால் எர்ணாகுளம், படகில் போனால் சீக்கிரம் போய்விடலாம். அப்பாவுக்கு இதில் ஆச்சரியமே இல்லை. "நம்ம கொல்லையிலே காயற மிளகுக்கு லண்டன்ல கேட்டுத்தானேடா விலை சொன்னோம்" என்றார்.

2005 தொடக்கத்தில் பிஎஸ்என்எல் டேட்டாஒன் பிராட்பேண்ட் வந்தது. டெலிபோன் கம்பி வழியாகவே எந்நேரமும் இன்டர்நெட். எங்கள் தொழிலுக்கு அதுதான் பொற்காலம். பாண்டிகசாலை தோறும் ஒரு ஏடிஎஸ்எல் மோடம், அதற்குள்ளேயே ரவுட்டர். டெலிபோன் கம்பியை ஸ்ப்ளிட்டரில் செருகி, ஒரு கால் போனுக்கு, ஒரு கால் மோடத்துக்கு. ஸ்ப்ளிட்டர் இல்லாமல் நேரே குத்திவிட்டுப் போன் அடிக்கும்போதெல்லாம் நெட் போகிறது என்று புலம்புவார்கள். பிறகு பிரவுசரில் 192.168.1.1. பெயர் அட்மின், பாஸ்வேர்டும் அட்மின். உள்ளே போனால் விபிஐ, விசிஐ என்று இரண்டு கட்டம். அதில் 0, 35. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் எந்த அடுக்கில் போய் நிற்க வேண்டும் என்பதற்கான எண் அது, ஒரு இலக்கம் மாறினாலும் விளக்கு எரியும், நெட் வராது. அடுத்து பிபிபிஓஈ என்ற நுழைவு முறை. வாடிக்கையாளர் பெயர், அட்-டேட்டாஒன், பாஸ்வேர்டு. எம்டியூ, அதாவது பொட்டலத்தின் உச்ச அளவு, 1492. 1500 என்று விட்டுவிட்டால் கூகுள் திறக்கும், பேங்க் பக்கம் திறக்காது, பாதிப் பேர் பேங்கைத் திட்டுவார்கள். உண்மையில் பிபிபிஓஈ தன் சீட்டை ஒட்ட எட்டு பைட் எடுத்துக்கொள்கிறது, அதனால் பெரிய பொட்டலம் வாசலில் இடிக்கிறது.

உள்பக்கம் டிஹெச்சிபி. வந்து சேரும் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் போனுக்கும் ரவுட்டரே ஒரு முகவரி கொடுக்கும், எல்லாம் 192.168.1 என்று தொடங்கும். டாலி ஓடுகிற கம்ப்யூட்டருக்கும் பிரிண்டருக்கும் மட்டும் நான் நிலையான எண் கொடுத்துவிடுவேன், 200-க்கு மேல். இல்லாவிட்டால் திங்கட்கிழமை பிரிண்டர் வேறு வீட்டுக்குக் குடிபோயிருக்கும். இந்த 192.168 வெளியே செல்லாத முகவரி. உலகம் முழுவதும் லட்சக்கணக்கான வீடுகளில் இதே எண்தான். வெளியே போகும்போது ரவுட்டர் அதை அழித்துவிட்டுத் தன் ஒற்றை வெளி முகவரியைப் போடும், பதில் வந்தால் யார் கேட்டது என்று பார்த்து உள்ளே கொடுக்கும். இதற்கு நாட் என்று பெயர், 1994-இல் வந்த யோசனை. ஐபி நான்காம் பதிப்பில் மொத்தமே சுமார் 429 கோடி முகவரி. மேலிடத்தில் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்துபோயிற்று. நாட் இல்லையென்றால் இன்னும் முன்னாலேயே தீர்ந்திருக்கும்.

பின்கட்டுக்கு அலை போகவில்லையே, அதற்கு இரண்டாவது ரவுட்டர். சுவரில் துளை போட விடமாட்டார்கள், பழைய கட்டடம். ஓட்டு இடுக்கு வழியாக கேபிளைக் கொண்டுபோவேன். இந்த இடத்தில்தான் புதுப் பையன்கள் சொதப்புவார்கள். இரண்டு பெட்டியும் 192.168.1.1 என்று சொல்லிக்கொள்ளும், இரண்டும் முகவரி கொடுக்கும், மத்தியானத்துக்குள் ஆபீஸ் முழுக்கக் குழப்பம். செய்ய வேண்டியது: இரண்டாவதின் எண்ணை 192.168.1.2 ஆக்கு, அதன் டிஹெச்சிபியை அணை, கேபிளை வேன் ஓட்டையில் செருகாமல் லேன் ஓட்டையில் செருகு. பெயரும் பாஸ்வேர்டும் இரண்டிலும் ஒன்றே இருக்கட்டும், சேனல் மட்டும் ஒன்றுக்கு 1, மற்றதுக்கு 6 அல்லது 11. பிறகு முதலாளி தெருவாசலிலிருந்து படகுத்துறை வரை பேசிக்கொண்டே நடக்கலாம்.

காயல் ஓரம் என்பதால் உப்புக்காற்று வேறு. ஒரு மழைக்காலம் தாண்டினால் பிளக்கின் எட்டு ஊசியிலும் பச்சை பிடித்திருக்கும். துலாவர்ஷத்தின் சாயங்கால இடி அதைவிடக் கொடுமை. ஐப்பசி பிறந்தால் எங்களுக்குத் தினம் போன். ஒரு பழைய மிளகுத் தரகர் விடாமல் கூப்பிடுவார்: "மோனே, நெட்டு போயி. ரேட்டு காணான் வய்யா." நெட் போய்விட்டது, விலை பார்க்க முடியவில்லை என்று அர்த்தம். போய்ப் பார்த்தால் டெலிபோன் கம்பி வழியே மின்னல் இறங்கி மோடம் கருகியிருக்கும். இடி கேட்டால் கம்பியைப் பிடுங்கி விடுங்கள் என்று எத்தனை முறை சொன்னாலும், விலை ஏறுகிற நேரத்தில் யார் பிடுங்குவார்கள்?

அவர் பார்த்த ரேட் ஜூ டவுன் ஹாலின் ரேட் இல்லை என்பதுதான் இதில் வேதனை. 2003 டிசம்பரில் மும்பையில் என்சிடிஇஎக்ஸ் என்ற கம்ப்யூட்டர் எக்ஸ்சேஞ்ச் வர்த்தகம் தொடங்கியது. அடுத்த வருஷமே மிளகும் அதில் ஏறியது. கத்த வேண்டாம், அடைப்பு வேண்டாம், ஹால் வேண்டாம். மொட்டைமாடியில் ஒரு டிஷ், அல்லது மேஜையில் ஒரு ரவுட்டர் போதும். இந்தூரில் இருப்பவனும் ராஜ்கோட்டில் இருப்பவனும், மிளகுக்கொடியைக் கண்ணால் பார்க்காதவனும், விலை சொல்லலாம். இப்ஸ்டாவும் கம்ப்யூட்டருக்கு மாறிப் பார்த்தது. ஆனால் அதன் பலம் ஒரு ஊருக்குள் எல்லாரும் கூடியதால் கிடைத்தது. கூட வேண்டிய அவசியமே போனபின் கம்ப்யூட்டர் வாங்கி என்ன பயன்? சத்தம் குறைந்துகொண்டே வந்து நின்றது. நான் வைத்துக்கொடுத்த பெட்டிகளும் அதில் பங்குதான். அதற்காக நான் வருத்தப்படவில்லை. இடுக்கி விவசாயி இன்றைக்குத் தன் போனில் விலையைத் தானே பார்க்கிறான். ஹால் இருந்த காலத்தில் கமிஷன்காரன் சொன்னதுதான் அவனுக்கு விலை. மட்டாஞ்சேரிக்கு நஷ்டம், மலைக்கு லாபம் என்பேன்.

ஆனால் திரையில் வரும் விலைக்குப் பின்னால் மூட்டை எங்கோ இருந்தாக வேண்டும். என்சிடிஇஎக்ஸ் மிளகின் டெலிவரி இடம் கொச்சியாகவே இருந்தது. 2012 டிசம்பரில், மினரல் ஆயில் கலந்திருக்கிறது என்ற சந்தேகத்தில், இங்குள்ள கிடங்குகளில் இருந்த ஆயிரக்கணக்கான டன் மிளகுக்கு உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் சீல் வைத்தார்கள். அடுத்த வருஷம் அந்த மிளகு ஒப்பந்தமே நின்றது. ஹாலின் பழைய ஆட்களுக்கு அதில் ஒரு திருப்தி இருந்ததை நான் மறைக்க மாட்டேன். கையில் எடுத்துத் தேய்த்து மோந்து பார்க்கிற ஆள் நடுவில் இருந்திருந்தால் இது நடக்குமா என்று பஜார் ரோட்டு டீக்கடையில் பேசினார்கள். ரவுட்டர் முகவரியைத்தான் பார்க்கும், சரக்கைப் பார்க்காது.

இப்போது செம்புக் கம்பி போய் ஃபைபர். இதைத் தெருத்தெருவாகக் கொண்டுபோனது பெரும்பாலும் உள்ளூர் கேபிள் டிவிக்காரர்கள்தான். கேரளத்தில் அவர்கள் ஒன்று சேர்ந்து நடத்துகிற கேரளா விஷன் பெரிய கம்பெனிகளோடு போட்டி போடுகிறது. 2023 ஜூனில் மாநில அரசின் கே-ஃபோனும் தொடங்கியது, மின்வாரியத்தின் கம்பங்களில் இழை இழுத்து. எங்கள் கையில் ஸ்க்ரூடிரைவருக்குப் பதில் ஒளியின் பலத்தை அளக்கும் பவர் மீட்டர். வீட்டுப் பெட்டியில் மைனஸ் 20 காட்டினால் சந்தோஷம், மைனஸ் 27 தாண்டினால் சிவப்பு விளக்கு எந்நேரமும் எரியலாம். இடிக்குப் பயமில்லை, இழையில் மின்னல் ஓடாது. கரன்ட் ஒயர் வழியாக வந்தால் அது வேறு கதை. பயம் எலிக்கும், மரம் வெட்டுகிற ஆளுக்கும்தான்.

2024 ஜனவரி 3 அன்று கொச்சியிலிருந்து இன்னொரு கேபிள் திறந்தது, லட்சத்தீவுக்கு. கவரத்தி, மினிக்காய், ஆந்த்ரோத் உள்பட பதினோரு தீவுகள். அதுவரை மொத்தத் தீவுக்கும் சாட்டிலைட்டில் இரண்டு ஜிபிபிஎஸ்-கூட முழுசாக இல்லை. மட்டாஞ்சேரியில் சாமான் வாங்க வரும் தீவுக்காரர்கள் சினிமாவையும் இங்கேயே பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு கப்பல் ஏறுவதைப் பார்த்திருக்கிறேன். விலை வந்துசேரும் ஊராக இருந்த கொச்சி, இன்னொருவருக்கு வழி கொடுக்கும் ஊராக இருக்கிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள், தொழில்காரனாக. 2017 ஜூலையில் கர்நாடகம் உள்பட சில இடங்களில் பிஎஸ்என்எல் வாடிக்கையாளர்களின் சுமார் 60,000 மோடங்களை ஒரு வைரஸ் முடக்கியது. அது பூட்டை உடைத்து உள்ளே போகவில்லை. அட்மின், அட்மின் என்று அடித்துத்தான் போனது. உங்கள் வீட்டு ரவுட்டரைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் உள்ள பெயரும் பாஸ்வேர்டும் இன்னும் வேலை செய்தால், இன்றைக்கே மாற்றுங்கள். உள்ளே போகும் பாஸ்வேர்டு வேறு, வைஃபை பாஸ்வேர்டு வேறு, இரண்டையும் மாற்ற வேண்டும். டபிள்யூபிஎஸ் பொத்தானை அணைத்துவிடுங்கள். பெட்டியின் சாஃப்ட்வேரைப் புதுப்பிக்கும் வசதி மெனுவில் எங்கேயாவது இருக்கும், வருஷத்துக்கு ஒருமுறையாவது அதை அழுத்துங்கள். புதுப் பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி ரேஷன் கார்டோடு வையுங்கள், ரவுட்டர் மேல் ஒட்டாதீர்கள்.